ஓடாத கார், சூடான எஞ்சின்

அத்தியாயம் 4

“என்னென்ன திருடு போச்சு, அங்கிள்?” என்று கேட்டாள் விஷ்ணுப்ரியா.

“ஒண்ணுமே போகலம்மா. அதான் பிரச்சனை.”

அசாருதீன் கையிலிருந்த பேனாவை மூடினான். “அப்போ கேஸ் முடிஞ்சுது மேடம். பக்கத்துக் கடையில தோசை நல்லா இருக்குமாம்.”

விஷ்ணுப்ரியா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பேனா மறுபடி திறந்தது.

அவள் லைசென்ஸ் வாங்கிய துப்பறிவாளர். அதற்கு முன் ஒரு காப்புறுதிக் கம்பெனியில், எரியாத கடையை எரிந்ததாகச் சொல்பவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள். அசாருதீன் அவளுடைய உதவியாளன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து விசா எடுத்து வந்தவன். அவன் வாய் மட்டும் எந்த விசாவும் இல்லாமல் எல்லா இடத்திலும் நுழையும்.

இப்போது அவர்கள் நின்றது பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில். எதிரே யுகேந்திரன். கிள்ளான் துறைமுகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாத சட்டை, குறையாத அதட்டல். அவருக்குப் பின்னால் கரும்பச்சை நிறத்தில் ஒரு பழைய லெக்சஸ். தொண்ணூறுகளில் ஜப்பானில் பிறந்தது. இந்த வயதிலும் பெயின்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

“இந்த வண்டிய நான் புள்ள மாதிரி வளர்த்தேன்மா. எஞ்சின் ஓடுதா நிக்குதான்னு காதை வெச்சுத்தான் கேக்கணும். அவ்வளவு சைலன்ட். இதுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு ஸ்குரூவும் எனக்குத் தெரியும். பெரிய வேலைக்கு மட்டும் நூர் முகமதுகிட்ட விடுவேன். செந்தூல்ல வொர்க்‌ஷாப் வெச்சிருக்கான். தம்பி மாதிரி இருந்தான். இருந்தான்!”

“இப்போ?”

“இப்போ திருடன்.”

விஷயம் இதுதான். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் கார் கிளம்பவில்லை. நூர் முகமது வந்து பார்த்தார்; சாவியைத் திருப்பியதும் ஓடியது. மறுநாள் மறுபடி செத்தது. நூர் தொட்டால் ஓடும், நூர் போனால் நிற்கும். தன்னிடம் பணம் கறப்பதற்காக நூரே ஏதோ செய்கிறார் என்று யுகேந்திரன் முடிவு கட்டினார். ஊரே தே தாரிக் என்ற இழுத்த டீ குடிக்கும் மூலைக்கடையில், எல்லாரும் பார்க்க, “திருட்டுப் பயலே” என்று கத்திவிட்டு வந்தார். அன்றோடு பேச்சுவார்த்தை இல்லை. கார் இங்கேயே நின்றுவிட்டது.

“நின்ன காருக்கு இப்போ என்ன?”

“யாரோ ரிப்பேர் பண்றாங்க.”

அசாருதீன் இரண்டாம் முறை பேனாவை மூடப் பார்த்தான். மேடத்தின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

“வெள்ளிக்கிழமை காலையில கோயிலுக்குப் போய்ட்டு, அன்னதானம் முடிஞ்சுதான் வருவேன். போன வாரம் வந்து பானட்டைத் தொட்டேன். சுடுது! டயருக்குக் கீழ நான் வெச்ச கட்டை அப்படியே இருக்கு. வண்டி ஓரடி நகரல, எஞ்சின் மட்டும் எப்படிச் சுடும்? உள்ள கைய விட்டேன். அப்பளம் மாதிரி விறைச்சுப் போயிருந்த ரப்பர் ஹோஸ் மெத்துமெத்துனு இருக்கு. புது ரப்பர் வாசம் வேற. கீழ ஆயில் ஒழுகி, செருப்பு பிசுக்குனு ஒட்டும்; இப்போ ஒட்டல.”

“நல்லதுதானே அங்கிள்?” என்றான் அசாருதீன். “எங்க வீட்டுக்கும் இப்படி ஒரு திருடனை அனுப்பி வைங்க.”

“விளையாடாதே லா தம்பி! எல்லாம் பண்ணியும் வண்டி ஸ்டார்ட் ஆகல. ஏன்? நல்ல ஜப்பான் சாமானைக் கழட்டிட்டு மட்டமானதை மாட்டுறான். சாயந்திரம் பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் போடப் போறேன். நீங்க ஒரு ஆதாரம் கொடுத்தா, நூர் முகமது பேரோட போடுவேன்.”

பாலாய் என்றால் இங்கே போலீஸ் நிலையம். அந்த வார்த்தையைக் கேட்டதும், லிஃப்ட் பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு நின்ற பெண்மணி ஓரடி முன்னால் வந்தாள். யுகேந்திரனின் மனைவி தங்கமணி. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

“ரிப்போர்ட்லாம் எதுக்குங்க. பாவம், அவரு தொழில் பண்றவரு...”

“நீ சும்மா இரு. உனக்கு என்ன தெரியும்?”

தங்கமணி சும்மா இருந்தாள். ஆனால் மூடியிருந்த ஃபிளாஸ்க்கை அவள் கை மறுபடி மறுபடி திருகிக்கொண்டிருந்தது. விஷ்ணுப்ரியா அதைக் கவனித்துக்கொண்டு பானட்டைத் திறந்தாள்.

புது பேட்டரி. அதன் நடுவில், குழந்தை நெற்றியில் வைப்பதுபோல, வட்டமாய் ஒரு குங்குமப் பொட்டு. ஃபியூஸ் பெட்டி மூடியில் சிவப்பாய் விரல் தடம். எஞ்சின் பக்கவாட்டில் இருந்த ஓர் இக்னிஷன் காயிலில் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஏதோ கிறுக்கல்.

“ஃபியூஸ் பார்த்தீங்களா அங்கிள்?”

“முதல்ல பார்த்ததே அதுதான். ஒண்ணு ஒண்ணா கழட்டி, லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பார்த்தேன். எல்லாம் நல்லா இருக்கு.”

காரைக் கரைத்துக் குடித்த மனிதர் சொல்கிறார். விஷ்ணுப்ரியா பெட்டியைத் திறக்காமலே விட்டாள். பிற்பாடு அதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

*

“மேடம், ஒண்ணு மட்டும் எனக்கு உறுதியாத் தெரியும்,” என்றான் அசாருதீன், காரை வெளியே எடுத்துக்கொண்டே. “நூர் பாய் தனியா வேலை பார்க்கல.”

“எப்படி?”

“அவரு பேட்டரிக்குப் பொட்டு வெச்சாருன்னா, எங்க ஜமாத்தைக் கூட்டி விசாரிக்கணும்.”

விஷ்ணுப்ரியா சிரித்துவிட்டாள். அவனை வேலையில் வைத்திருப்பதற்குக் காரணமே இதுதான். பத்துப் பேச்சு பேசினால் அதில் ஒன்று துப்பாக இருக்கும்.

அப்போது அவன் சட்டென்று பிரேக் போட்டான். வெள்ளைக்கோலைத் தரையில் தட்டியபடி ஒருவர் மெதுவாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் இது தினசரிக் காட்சி. நடைபாதையில் பார்வையற்றோருக்காகப் பதித்த மஞ்சள் கல்லில் அவர் ஏறும்வரை அசாருதீன் காத்திருந்தான்.

“இந்த ஏரியாவுல மட்டும் நான் ஒழுங்கா ஓட்டுவேன் மேடம். அவங்க நம்ம கண்ணை நம்பித்தானே இறங்குறாங்க.”

கையில் இருந்த நூல் அந்த மஞ்சள் கிறுக்கல். அது ஹாஃப்-கட் கடைக்காரர்களின் பழக்கம். ஜப்பானில் ஓய்ந்த கார்களைப் பாதியாய் அறுத்து, முன்பாதியைக் கப்பலில் இறக்கி, உதிரிச் சாமானாகப் பிரித்து விற்பார்கள். எந்தச் சாமான் எந்தக் கடையில் வாங்கியது என்று நாளைக்குத் தகராறு வராமல் இருக்க, ஒவ்வொரு கடைக்கும் ஒரு குறி. விஷ்ணுப்ரியா போட்டோவை அனுப்பி மூன்று பேரிடம் விசாரித்தாள். மூன்றாமவர் கிள்ளானுக்குக் கைகாட்டினார்.

கிள்ளான் கடையில் அறுபட்ட கார்கள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு வரிசையாய் நின்றன. முதலாளி சுகுமாறன் போட்டோவைப் பார்த்ததும் தலையாட்டினார்.

“நம்ம குறிதான் பாஸ். நூர் பாய் வந்து வாங்கினாரு.”

அசாருதீன் உதட்டைப் பிதுக்கினான். கேஸ் யுகேந்திரன் சொன்னபடியே போய்க்கொண்டிருந்தது. தன் கையாலேயே நூர் முகமதுவைப் போலீஸில் மாட்டிவிடப் போகிறோமே என்று விஷ்ணுப்ரியாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஆதாரம் கேட்டவருக்கு ஆதாரம் கொடுப்பதுதான் தொழில். ஆனால் அந்தப் பொட்டு உறுத்தியது.

“தனியாவா வந்தாரு?”

“இல்ல, கூட ஒரு அம்மா. எங்க தொழில்ல பழைய சாமானைச் சாம்பிள் கொண்டுவராம எதுவும் கேக்க முடியாதுக்கா. சைஸ் மாறிடும். எல்லாரும் அழுக்குத் துணியில சுத்திக் கொண்டு வருவாங்க. அந்த அம்மா டிபன் கேரியர்ல கொண்டுவந்தாங்க! மேல் அடுக்குல காயில், கீழ் அடுக்குல எங்களுக்கு உளுந்து வடை.”

“வடை எப்படி?” என்றான் அசாருதீன்.

“பெட்ரோல் வாசம் கொஞ்சம் இருந்துச்சு. ஆனா நல்ல வடை.”

“நெத்தியில பெரிய பொட்டா அந்த அம்மாவுக்கு?” என்று கேட்டாள் விஷ்ணுப்ரியா.

“ஆமாக்கா. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” சுகுமாறன் ஏதோ நினைத்துக்கொண்டு சிரித்தார். “நல்ல சாமானாத்தான் தேடித் தேடி எடுத்தாரு பாய். ‘இதைப் போட்டா கார் இன்னும் பத்து வருஷம் ஓடும்’னு நான் சொன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? ‘ஓட வேணாம்ப்பா, உயிரோட இருந்தா போதும்’னாரு. அந்த அம்மா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சிக்கிட்டாங்க.”

*

செந்தூலில் நூர் முகமதுவின் வொர்க்‌ஷாப்பில் ஒரே ஒரு வேன் நின்றது. அதுவும் அவருடையது. வாடிக்கையாளர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மூலைக்கடையில் கத்திய ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அந்த நாற்காலிகளைப் பார்த்தாலே தெரிந்தது.

“பாய், சாயந்திரம் உங்க மேல ரிப்போர்ட் போடப் போறாரு,” என்றாள் விஷ்ணுப்ரியா நேரடியாக.

நூர் முகமது கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“போடட்டும்மா. கார்ல கை வெச்சது நான்தான்.”

“சாவி?”

“என்கிட்ட இருக்கு.”

“காட்டுங்க.”

அவர் சட்டைப் பையைத் தட்டினார், மேசை இழுப்பறையைத் திறந்தார், கடைசியில் தன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டுக்கொண்டார். இவ்வளவு மோசமாகப் பொய் சொல்லும் திருடனை விஷ்ணுப்ரியா பார்த்ததே இல்லை.

“பாய்,” என்றான் அசாருதீன். அவன் குரலில் கேலி இல்லை. “யாரைக் காப்பாத்துறீங்க?”

“யாரையும் இல்ல தம்பி. நானும் குத்தவாளிதான். கூடவே இருந்தவன் பார்த்ததும் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். அண்ணன் மனசு கஷ்டப்படும்னு சொல்லாம விட்டேன். அதுக்கு இது தண்டனைன்னு வெச்சுக்குங்க.”

“எதைச் சொல்லியிருக்கணும்?”

நூர் முகமது வேனுக்கு அடியில் படுத்துவிட்டார். வேனில் எந்தக் கோளாறும் இருப்பதாகத் தெரியவில்லை.

*

திரும்பும் வழியில் நெரிசல். அசாருதீன்தான் ஆரம்பித்தான்.

“எனக்குப் புரியல மேடம். டிபன் கேரியர் அம்மா தங்கமணி ஆன்டிதான். சாவியும் அவங்க கையிலதான். பாயும் ஆன்டியும் சேர்ந்து எல்லாத்தையும் சரி பண்றாங்க. வெள்ளிக்கிழமை எஞ்சினை ஓடவிட்டுச் சூடு பண்றாங்க. அப்போ கார் ஓடுது! அங்கிள் வந்தா மட்டும் ஓடமாட்டேங்குது. ஏன்?”

“அங்கிள் நம்மகிட்ட சொன்னதைத் திருப்பிச் சொல்லு.”

“பானட் சுடுது. கட்டை நகரல. ஹோஸ் மெத்துனு இருக்கு. ரப்பர் வாசம். செருப்பு ஒட்டல.”

“இதுல கண்ணால பார்த்தது எது?”

அசாருதீன் ஒவ்வொன்றாக விரல் மடக்கி எண்ணினான். “கட்டை மட்டும்தான் மேடம்.”

“கட்டையைக்கூட அவர் காலால தடவித்தான் பார்த்திருப்பாரு,” என்றாள் விஷ்ணுப்ரியா. “பேட்டரி நடுவுல அவ்வளவு பெரிய பொட்டு. மஞ்சள்ல கிறுக்கல். ஒரு ஸ்குரூ மாறினாலே கத்துற மனுஷன் அந்த ரெண்டையும் ஏன் சொல்லல?”

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அசாருதீன் காரை நகர்த்த மறந்திருந்தான்.

“சொல்ல முடியல அசார். ஏன்னா, பார்க்க முடியல.”

*

அவர்கள் கீழ்த்தளத்துக்கு வந்தபோது யுகேந்திரன் வெளியே கிளம்பத் தயாராக இருந்தார். அவரைப் பாலாய்க்கு அழைத்துப்போக வாடகைக் கார் வந்துகொண்டிருந்தது. தங்கமணி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

“ஆதாரம் கிடைச்சுதா?”

“கிடைச்சுது அங்கிள். பானட்டைத் திறங்க.”

விஷ்ணுப்ரியா ஃபியூஸ் பெட்டியிலிருந்து பெட்ரோல் பம்புக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கினாள். விரல் நகம் அளவு இருந்தது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கின் உள்ளே மெல்லிய கம்பி அறுந்து, இரு முனையும் கருகியிருந்தது. அதை யுகேந்திரனின் உள்ளங்கையில் வைத்தாள்.

“இது நல்லதா, கெட்டதா?”

“இது என்ன கேள்வி?” அவர் அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். பக்கத்தில் கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார். “நல்லாத்தானே இருக்கு.”

அசாருதீன் தலையைக் குனிந்துகொண்டான். 

“ஆன்டி,” என்றாள் விஷ்ணுப்ரியா மெதுவாக, “நல்ல ஃபியூஸ் உங்ககிட்டதானே இருக்கு?”

தங்கமணி கைப்பையைத் திறந்தாள். குங்குமச் சிமிழை எடுத்தாள். அதற்குள் விரலை விட்டு, சிவந்துபோன ஒரு ஃபியூஸை எடுத்து நீட்டினாள். ஃபியூஸ் பெட்டி மூடியில் இருந்த சிவப்புத் தடம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“நான்தாங்க,” என்றாள் கணவனைப் பார்த்து. “நூர் பாய் வரப்போ நல்லதைப் போட்டுடுவேன். அவர் போனதும் இந்தக் கருகினதை மாட்டிடுவேன். நீங்க ரிப்பேர் பண்ற காலமெல்லாம் டார்ச் பிடிச்சவ நான். எந்த ஃபியூஸ் எதுக்குன்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. அதை வெச்சே உங்களை ஏமாத்திட்டேன்.”

“ஏன்?” அது கேள்வியாக இல்லை.

“மெயின் ரோட்டு முனையில வெள்ளைக்கோலோட ஒருத்தர் கிராஸ் பண்ணாரே, நான் கத்தினேனே, ஞாபகம் இருக்கா? அவருக்குக் கண்ணு தெரியாது, சரி. உங்களுக்கும் தெரியலையேங்க. ‘நாய் வந்துச்சு’ன்னு பொய் சொன்னேன். அதுக்கு முன்னாடியே ஒவ்வொரு சிக்னல்லயும் ‘பச்சை விழுந்திடுச்சு’ன்னு நான்தானே சொல்லிக்கிட்டு வந்தேன்.” அவள் சிமிழை மூடினாள். “நேரா சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அந்தக் கோழைத்தனத்துக்கு நூர் பாய் அடி வாங்கினாரு. கடையில அத்தனை பேர் முன்னாடி நீங்க அவரைத் திருடன்னு கத்தினப்போ, நான் பக்கத்துல உட்கார்ந்து தே குடிச்சிக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஓடிப்போய் அவர்கிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். அவரு ஒரு வார்த்தை திட்டல. ‘அண்ணன் என்கூடப் பேசாட்டியும், வண்டி துருப்பிடிக்கக் கூடாதுக்கா’ன்னாரு.”

யுகேந்திரன் கத்துவார் என்று விஷ்ணுப்ரியா எதிர்பார்த்தாள். அவர் காரின்மேல் கையை ஊன்றிக்கொண்டார். தடவித் தடவி, முன்பக்க இடது மூலைக்கு வந்தார். அங்கே விரல் நின்றது.

“நாய் இல்லைன்னு எனக்குத் தெரியும்,” என்றார்.

தங்கமணி நிமிர்ந்தாள்.

“கோல் இங்கதான் பட்டுச்சு. டிங்குன்னு ஒரு சத்தம். நான் பார்க்கல தங்கம், கேட்டேன். வீட்டுக்கு வந்து இந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ராத்திரியெல்லாம் அதே சத்தம். மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகாதப்போ, எனக்கு வந்தது கோவம் இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் அங்கிள் நூர் பாயை...” என்றான் அசாருதீன்.

“வண்டியில கோளாறுன்னா என் கண்ணுல கோளாறு இல்லையேப்பா. நூரு திருடனா இருந்தா நான் குருடன் இல்ல. அவ்வளவுதான் கணக்கு.” அவர் அந்த மூலையிலிருந்து கையை எடுத்தார். “உங்களைக் கூப்பிட்டதும் அதுக்குத்தான். வெளி ஆளுங்க வந்து ‘ஆமா, அவன்தான் திருடன்’னு சொல்லிட்டா, நான் நிம்மதியாத் தூங்கலாம்னு பார்த்தேன். அவன் என் காரைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கான். நான் அவன் பொழப்பைக் கெடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.”

வாடகைக் கார் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. யாரும் அசையவில்லை. அது இன்னொரு முறை அடித்துவிட்டுப் போய்விட்டது.

யுகேந்திரன் சிவந்த ஃபியூஸை வாங்கினார். இம்முறை விளக்குக்கு நேராகப் பிடிக்கவில்லை. விரலாலேயே இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினார். பிறகு சாவியை அசாருதீன் பக்கம் நீட்டினார்.

“மெதுவா ஓட்டுவியா?”

“என் உயிர் மாதிரி ஓட்டுவேன் அங்கிள்.”

அசாருதீன் டயர் கட்டையை எடுத்துவிட்டு ஏறினான். எஞ்சின் பிடித்தது. பிடித்ததா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. யுகேந்திரன் வழக்கமான வலப்பக்கக் கதவுக்குப் போனார், கைப்பிடியைத் தொட்டார், பிறகு சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து உட்கார்ந்தார். தன் காரில் அந்த இருக்கையில் அவர் உட்காருவது அதுதான் முதல்முறை. பெண்கள் இருவரும் பின்னால் ஏறினார்கள்.

“செந்தூலுக்கா அங்கிள்?” என்றாள் விஷ்ணுப்ரியா.

“இல்லம்மா. மூலைக்கடைக்கு. கத்தின இடத்துலதான் மன்னிப்புக் கேக்கணும். அன்னிக்குக் கேட்டவங்க எல்லாரும் இதையும் கேக்கணும்.”

அவர் போனை எடுத்து நீட்ட, தங்கமணி நம்பரை அழுத்திக் கொடுத்தாள். வெகுநேரம் மணி அடித்தது. காருக்குள் அந்த நிசப்தத்தில் மறுமுனைக் குரல் எல்லாருக்கும் கேட்டது.

“அண்ணே?”

“நூரு... நூரு, மூலைக்கடைக்கு வா. அதே மேசைக்கு. நான் கிளம்பிட்டேன்.”

மறுமுனையிலிருந்து பதறிப்போன ஒரு கேள்வி வந்தது.

“எதுலண்ணே வரீங்க? வண்டியிலயா? யாரு ஓட்டுறது?”

யுகேந்திரன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நான் இல்ல நூரு,” என்றார். “நான் இல்ல.”